சனிக்கிழமை காலையில் ‘போலாமா?’ என்றால்...

இந்த முறை வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் மட்டும்.

கேள்வி: சொந்த ஊர் கோபிங்க, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அறை நண்பர்கள் சனிக்கிழமை எழுந்ததும் திடீரென்று ஏதோ ஒரு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கோ முன்கூட்டியே திட்டம் போட்டால்தான் மனசு ஒப்பும். கையில் காசும் கம்மி. என்ன செய்ய?

தம்பி, கோபியில் இருந்தபோது கொடிவேரிக்குப் போகத் திட்டமா போட்டீர்கள்? தண்ணீர் வருகிறதா என்று யாரிடமாவது கேட்டிருப்பீர்கள், வண்டியை எடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். கிட்டத்தில் இருக்கிற ஊருக்கு அது போதும், அங்கேயும் போதும். பெர்லினுக்கு வேக ரயிலில் போவதென்றால் முன்பே டிக்கெட் எடுத்தால்தான் காசு மிச்சம், அதற்குத் திட்டம் போடுங்கள். ஆனால் உங்களைப் போன்ற மாணவர்கள் வைத்திருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத பாஸ், வேறு ரகம். 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2026 ஜனவரியில் 63 யூரோ ஆகிவிட்டது, பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் என்ற வட்டார ரயில்கள், ஊருக்குள் ஓடும் டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர வேக ரயில்களில் ஏறினால் செல்லாது. முன்பதிவு என்ற பேச்சே இல்லை. போகிற வழியில் ஒரு ஊர் பார்க்க நன்றாக இருந்தால் இறங்கிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு பக்கம் போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஊர் வேண்டாம் என்பது என் கட்சி. எஸ்லிங்கன் உங்களுக்குப் பக்கத்து ஊர், மதியம் சாப்பிட்டுவிட்டுக்கூடக் கிளம்பலாம், மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் தெருத்தெருவாக நிற்கும். டூபிங்கன் ஒரு மணி நேரம். 1477-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், நெக்கர் ஆற்றில் கழியால் தள்ளும் படகு, ஹோல்டர்லின் என்ற கவிஞர் மனநிலை குலைந்து கடைசி முப்பத்தாறு வருடங்களைக் கழித்த மஞ்சள் கோபுரம் எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. உல்மில் தேவாலயக் கோபுரம் 161 மீட்டருக்கு மேல், படிக்கட்டில்தான் ஏறணும், சென்னிமலை ஏறிப் பழகிய கால் என்றால் பயமில்லை.

திட்டம் போடும் பழக்கத்தை முழுசாக விட வேண்டாம், திரும்பி வருவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் ராத்திரிக் கடைசி ரயில் எது, அதற்கு முந்தியது எது என்று ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பில் பார்த்துவிட்டு, முந்தியதில் ஏறுகிற மாதிரி சுற்றுங்கள், ஏனென்றால் அங்கே ரயில் தாமதம் சாதாரணம், வார இறுதியில் தண்டவாள வேலை என்று சொல்லி ரயிலுக்குப் பதில் பஸ் விடுவதும் உண்டு. டிக்கெட் போனில் இருந்தால் சார்ஜ் தீரக்கூடாது. டிக்கெட் காட்ட முடியாவிட்டால் அபராதம் 60 யூரோ. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். காலையில் அரிசிம்பருப்புச் சாதம் கிண்டி டப்பாவில் எடுத்துப் போனால் ஓட்டல் செலவும் இல்லை.

கேள்வி: இதே டிக்கெட்டில் பிரான்ஸ் போய்விட்டு அன்றே திரும்பலாமா? (உடுமலை வாசகர், தற்போது கார்ல்ஸ்ரூ)

ஸ்ட்ராஸ்பர்க் போகலாம். டிக்கெட் எல்லையில் இருக்கும் கேல் ஸ்டேஷன் வரை செல்லும், அங்கிருந்து ரைன் ஆற்றைத் தாண்டி டிராம் போகிறது, அதற்குத் தனியாக டிக்கெட் எடுங்கள். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பெர்மிட் இரண்டும் அசலாகக் கையில் இருக்கணும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது, திரும்பும்போது கேட்கலாம். பெர்மிட் இன்னும் கைக்கு வராமல் விசாவும் முடிந்திருந்தால் எல்லைப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: பையன் ஜெர்மனியில் படிக்கிறானுங்க. வாரம் ஒரு ஊரில் நின்று போட்டோ அனுப்புறான். கடன் வாங்கி அனுப்பியிருக்கோம், படிக்கிறானா ஊர் சுத்துறானான்னு அவங்கப்பா கத்துறார். (பெருந்துறை வாசகி)

அம்மா, விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க விடும் கணக்கு) 11,904 யூரோ கட்டினீர்களே, அதிலிருந்து உங்கள் பையன் மாதம் எடுக்க முடிவது 992 யூரோ. வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு போக அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பல பல்கலைக்கழகங்களில் பயண டிக்கெட் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்தக் காசு போனதுதான். கோவையில் படிக்கிற பையன் பஸ் ஏறி வால்பாறை போய்வந்தால் அப்பா கத்துவாரா? தூரத்தில் இருப்பதால் போட்டோ பெரிதாகத் தெரிகிறது. பிப்ரவரி, ஜூலை மாதங்களில் பொதுவாகப் பரீட்சை இருக்கும்; அப்போதும் வாரா வாரம் போட்டோ வந்தால் கேளுங்கள், அதுவரை விட்டுவிடுங்கள். எந்த ரயிலில் திரும்புகிறாய் என்று ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள், அது நியாயம்.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் லீட்ஸில் படிக்கப் போகிறாள். தனியாக ஒருநாள் பயணம் போகலாமா, எங்கே போகலாம்? (திருப்பூர் வாசகர்)

போகலாம். 25 வயது வரை உள்ளவர்களுக்கு ரயில்கார்டு இருக்கிறது, வருடத்துக்கு 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வாரநாட்களில் காலை 10 மணிக்கு முன் கிளம்பினால் குறைந்தபட்சக் கட்டண விதி உண்டு, அதனால் சனி, ஞாயிறுதான் லாபம். பனியன் கம்பெனி ஊரிலிருந்து போகிற பெண் முதலில் பார்க்க வேண்டியது சால்டேர், லீட்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரம் சொச்சம். டைட்டஸ் சால்ட் என்ற மில் முதலாளி 1853-ல் மில்லைத் திறந்து, தொழிலாளிகளுக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து ஊரையே கட்டினார். சாராயக் கடை மட்டும் கூடாது என்றுவிட்டார். 2001 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், தனியாகப் போகிறவர் காலையிலேயே கிளம்பட்டும்.

பாரிஸுக்குத் திடீர்ப் பயணம் மட்டும் நடக்காது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் மாணவர் விசா இருந்தாலும் பிரான்ஸ் உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தனியாக வாங்கணும். அதுவரைக்கும் யார்க் இருக்கிறது, பழைய கோட்டை மதில்மேல் ஊரைச் சுற்றி நடக்கலாம், கட்டணமும் இல்லை.