சின்ன மீட்டிங் ரூமைப் படம் பார்த்தே புக் செய்யலாமா?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். மாதம் ஒருமுறை கூடிப் பேச நகரத்துக்குள் சின்னதாக ஒரு மீட்டிங் ரூம் வாடகைக்குத் தேடுகிறோம். இணையத்தில் படம் பார்த்தே புக் செய்துவிடலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

செய்யாதீர்கள். அப்படிச் செய்து மாட்டிக்கொண்டவன் நான்.

கூட்டாகத் தொடங்கிய தொழிலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசி முடிப்பதற்காக ஒருமுறை ஆறு பேர் ஓர் அறை எடுத்தோம். படத்தில் பளிச்சென்று இருந்தது. பேச்சு சூடுபிடித்த நேரத்தில் பக்கத்து அறையில் யாரோ தும்மினார். எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து தும்மியது போலக் கேட்டது. ஆறு பேரும் அப்படியே வாயை மூடிக்கொண்டோம். அவருடைய தும்மலே எங்களுக்குக் கேட்கிறது என்றால், அரைமணி நேரமாக நாங்கள் போட்ட சண்டை அவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? எழுந்துபோய்ச் சுவரைத் தட்டினேன். டொக் டொக் என்றது. வெறும் ஜிப்சம் பலகைத் தடுப்பு. அதுவும் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேலே இரண்டு அறைக்கும் பொதுவான வெற்றிடம். சத்தம் அந்த வழியாக ஏறி இறங்கிவிடும்.

அதனால் அறையை நேரில் பார்க்கப் போங்கள், போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை வெளியே நிற்கவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் வழக்கமான குரலில் ஏதாவது பேசுங்கள். என்ன பேசினீர்கள் என்று அவர் சொல்லிவிட்டால் வேறு அறை பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது, "12 பேர் உட்காரலாம்" என்று எழுதியிருப்பது. மேசையே இல்லாமல் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் 12 ஆக இருக்கலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அதில் பாதிகூடத் தேறாது. ஒரு டேப் எடுத்துப் போவது நல்லது. லேப்டாப்பை வைத்துக்கொண்டு முழங்கை இடிக்காமல் உட்கார ஆளுக்கு இரண்டரை அடி வேண்டும். எட்டடி நீள மேசை என்றால் பக்கத்துக்கு மூன்று பேர், இரண்டு முனையிலும் ஒவ்வொருவர், உங்கள் எட்டுப் பேருக்குச் சரி. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழ, மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை இரண்டு பக்கமும் மூன்றடியாவது விட வேண்டும். நாலடி அகல மேசை என்று வைத்துக்கொண்டால், பத்தடிக்குக் குறைந்த அகலமுள்ள அறையில் ஒருவர் எழுந்தால் வரிசையே எழ வேண்டியிருக்கும். படத்தில் இதெல்லாம் தெரியாது. வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தால் அலமாரிகூட அரங்கமாகத் தெரியும்.

ஜன்னல் திறக்குமா என்றும் பாருங்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்வித்துச் சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. எட்டுப் பேர் மூச்சுவிடும் மூடிய அறையில் ஒரு மணி நேரத்திலேயே கார்பன் டை ஆக்சைடு ஏறி, தலை கனக்கத் தொடங்கிவிடும். கூட்டத்தில் தூக்கம் வந்தால் பழி எல்லாம் பேசுபவர் மேலேயே போடக்கூடாது, பாவம். பெரிய கட்டடம் என்றால், அலுவலக நேரம் முடிந்ததும் மொத்த ஏசியையும் நிறுத்திவிடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். மாலைக் கூட்டம் வைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

நேரக் கணக்கு பெரும்பாலான இடங்களில் கறார். இரண்டு மணி நேரம் என்றால் கதவு திறந்ததிலிருந்து நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறும் வரைக்கும் சேர்த்துத்தான். திரையை இணைக்கவே பத்து நிமிடம் போய்விடும் (அங்கே ஹெச்டிஎம்ஐ வயர் மட்டும் இருக்கும், நம் லேப்டாப்பில் டைப்-சி மட்டும் இருக்கும், அடாப்டர் வீட்டில் இருக்கும்). அரைமணி நேரம் கூட்டியே எடுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை வாய்வார்த்தையில் விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நாங்கள் வழக்கமாக எடுக்கும் அறையைப் படத்தில் பார்த்தால் நீங்கள் தாண்டிப் போய்விடுவீர்கள். பழைய மர மேசை, மங்கிப்போன சுவர். ஆனால் செங்கல் சுவர். போன மாதம்கூட உள்ளே நன்றாகச் சண்டை போட்டோம். வெளியே வந்தபோது வரவேற்பில் இருந்தவர், "என்ன சார், இன்னைக்கு ரொம்ப அமைதியா இருந்தீங்க?" என்றார்.