குளுக்கோஸ்-6-பாஸ்பேட் கரைசலின் செறிவு குறைவாக வருவது குறித்து

வணக்கம். 26 மில்லிகிராம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை 1 மில்லிலிட்டராகக் கரைத்து 100 மில்லிமோலார் எதிர்பார்த்ததாகவும், நொதிச் சோதனையில் 78 மட்டுமே கிடைத்ததால் பொருள் கெட்டுவிட்டதோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பொருள் கெட்டிருக்கும் என்று நான் கருதவில்லை. அமிலத்தில் எளிதில் சிதையும் குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டைப் போலன்றி, இது உறுதியான எஸ்டர்.

நீங்கள் பயன்படுத்திய 260.1 என்பது தனி அமிலத்தின் மூலக்கூறு எடை. உங்கள் புட்டியிலோ 'இருசோடியம் உப்பு, ஹைட்ரேட்' (நீர் மூலக்கூறுகளும் சேர்ந்த உப்பு) என்று இருப்பதாக நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீரற்ற நிலையிலேயே அந்த உப்பின் எடை 304.1 என்பதால், செறிவு அப்போதே 85.5 மில்லிமோலாராக இறங்கிவிடுகிறது; எஞ்சிய குறைவுக்கு எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீர் இருந்தால் போதும், இத்தகைய ஹைட்ரேட்டில் அது இயல்பானதே.

ஆகவே தராசை விட நொதியையே நம்புங்கள். என்ஏடிபி (வினையில் என்ஏடிபிஎச் ஆக மாறும் துணைநொதி) மிகுதியாக உள்ள கலவையில், 1 சென்டிமீட்டர் குவெட்டில் (ஒளி அளவிடும் சிறு கலத்தில்) கரைசலை 1000 மடங்கு நீர்த்து, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் நொதியைச் சேர்த்த பின் 340 நானோமீட்டரில் உறிஞ்சல் ஏறி நிலைத்து நிற்கும் வரை பொறுத்திருந்து அளவிடுங்கள்; உயர்வு 0.485 என வந்தால், என்ஏடிபிஎச்சின் மோலார் உறிஞ்சல் குணகமான 6220-இன்படி மூலக்கரைசல் 78 மில்லிமோலார்தான். அந்த எண்ணையே புட்டியில் எழுதி, கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து −20 டிகிரி செல்சியஸில் உறையவையுங்கள்.