வாசலுக்கு வரும் பிரஷர், சுகர் மாத்திரை: கேளுங்கள், சொல்கிறேன்

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியபோது சர்வீஸில்தான் இருந்தேன். பிரஷர், சுகர், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பராமரிப்பு பற்றிக் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் படம் அனுப்பாதீர்கள், நான் டாக்டர் இல்லை.

அக்கா, தன்னார்வலர் வந்து பார்த்தால் அப்பாவுக்கு பிரஷர் 160 காட்டுகிறது. எங்கள் வீட்டு மெஷினில் 130. எதை நம்புவது? (அரூர்)

அவர் வரும்போது உங்கள் அப்பா எங்கே இருந்திருப்பார்? கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்திருப்பார். அங்கிருந்து வேகமாக வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் கையை நீட்டச் சொன்னால் 160 வராமல் என்ன வரும்?

ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில் படணும், கால் மேல் கால் கூடாது. கை தொங்கக் கூடாது, தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. காபியோ பீடியோ அரை மணி நேரம் முன்பே முடிந்திருக்கணும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால்கூட ஏறும். அளக்கும்போது பேசக் கூடாது. நம்மூரில் நடக்காத காரியம் இதுதான்! பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே ‘பேத்திக்கு வரன் அமைஞ்சிருச்சா?’ என்று ஆரம்பித்துவிடுவோம்.

இப்படி ஒரு வாரம், காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். 130 என்று பார்த்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் அது 130.

மாமியார் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். வீட்டுக்கே வருவார்களா?

வருவார்கள். பக்கத்து துணை சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பிசியோதெரபிஸ்ட்டும், வலி தணிப்புச் சிகிச்சைக்கான நர்ஸும் திட்டத்திலேயே இருக்கிறார்கள். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பையும் வீட்டுக்கு வரும். பிசியோ வராத நாட்களில் கை காலை அசைத்துவிடுவது உங்கள் வேலை, வந்த அன்றே கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், புண் வராது.

சுகர் நார்மல் ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மேலே அரூர் பதிலைப் படியுங்கள்.

அரசு மாத்திரையில் பவரே இல்லை. எங்கள் அம்மாவுக்கு ஆறு மாதமாக சுகர் குறையவே இல்லை. (கோவில்பட்டி)

நான் பதில் எழுதுவதற்குள் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், ‘அண்ணே, மெட்ஃபார்மின் 500 எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின் 500 தான். என்கிட்ட வாங்கினா எனக்கு லாபம், அவ்வளவுதான்’ என்று கமெண்ட் போட்டுவிட்டார். ‘டெண்டர்ல விலை கம்மியா எடுத்தா தரம் எங்கிருந்து வரும்?’ என்று கோவில்பட்டியார் திருப்பிக் கேட்க, இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சரி, நான் சொல்கிறேன். அந்த மருந்தை வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் உருவானது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. வரும் மருந்தை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆஸ்பத்திரிகளுக்கு விடுகிறார்கள். நூற்றுக்கு நூறு என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ‘பவர் இல்லை’ என்று என்னிடம் சொன்ன ஒரு பாட்டி வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்தபோது ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள் இருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. ‘தலை சுத்துறப்ப மட்டும் போட்டுக்குவேன் கண்ணு’ என்றார்.

உங்கள் அம்மாவிடம் எதுவும் கேட்காதீர்கள். அட்டையை எண்ணுங்கள்.

எண்ணினேன் அக்கா. பீரோவில் 43 மாத்திரை இருக்கிறது. (கோவில்பட்டி)

திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை ஒளித்துவைக்கும் இடம் மாறும். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சுகர் குறையவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார், அம்மா ஒழுங்காகப் போடுகிறார் என்று நம்பி. நாளை காலையிலிருந்து நீங்கள் பக்கத்தில் நின்று முழு அளவையும் போட வைத்தால் சுகர் சட்டென்று இறங்கலாம், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை இருந்தால் நிச்சயம் கவனம் வேண்டும். அதனால் முதலில் அந்த 43-ஐயும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் என்றைக்காவது வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாகற்காய் ஜூஸ் குடித்தால் மாத்திரையை விடலாமா?

விடக் கூடாது.

பிரஷர் மாத்திரை போட்டதிலிருந்து கணுக்கால் வீங்குகிறது. நிறுத்திவிடவா?

மூன்றாவது முறை ‘நிறுத்தவா’! அம்லோடிபைனுக்கு அப்படி வீங்குவது உண்டு. வேறு காரணமும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டினால் மாத்திரையை மாற்றித் தருவார். மூச்சு வாங்கினால் இன்றைக்கே போங்கள்.

முடி கொட்டுகிறது அக்கா.

என் பாடம் இல்லை.

நான் தன்னார்வலர்தான் அக்கா. ஒரு தாத்தா கதவைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்கிறார்.

வாசலில் நின்று ‘தாத்தா, பிரஷர் பாக்கணும்’ என்று சத்தமாகக் கூப்பிடுகிறீர்களா? தெருவுக்கே கேட்கும். அதை விடுங்கள். மெஷினை வெளியே எடுக்காமல் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கேளுங்கள். என் சர்வீஸில் தண்ணீர் இல்லை என்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை. அவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்காருவார். ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசுங்கள், பிறகு பட்டையைக் கட்டுங்கள். உட்கார வேண்டிய ஐந்து நிமிடமும் ஆகியிருக்கும்.