மதுரைச் சாப்பாடு: எந்தப் பொழுதுக்கு எந்தக் கடை?

கேள்வி: பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் மதுரைக்கு வருகிறோம். நான்கு பேர். கணவரும் பதின்மூன்று வயது மகனும் அசைவப் பிரியர்கள். மாமியார் சுத்த சைவம். எனக்கு அதிகக் காரம் ஆகாது. நட்சத்திர ஓட்டல் வேண்டாம், ஊர்க்காரர்கள் சாப்பிடும் சாதாரணக் கடைகள் போதும். தேடினால் ஐம்பது பெயர்கள் வருகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது?
– கோவை வாசகி ஒருவர்

அந்த ஐம்பது பெயர்களில் பாதிக்கு மேல் நல்ல கடைகளாகவே இருக்கும். சிக்கல் பெயரில் இல்லை, பொழுதில் இருக்கிறது. மதுரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் தப்பினால் கடை இருக்கும், ருசி இருக்காது. மெஸ்ஸுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் ஈரலும் குடலும் தீர்ந்துபோய், அடிமட்டக் குழம்புதான் இலைக்கு வரும். உச்சிவெயிலில் பரோட்டா கேட்டால் காலையில் அடித்துவைத்ததைச் சூடுபடுத்தித் தருவார்கள். “இதற்கா இத்தனை பேச்சு?” என்று முகம் சுளித்துத் திரும்புகிறவர்களில் பலர் சரியான கடைக்குத் தவறான நேரத்தில் போனவர்கள். ஆகவே கடைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, நாளைப் பொழுதுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஊரின் அமைப்பு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று வரிசையாகச் சதுரங்கள். அதற்கும் வெளியே பெருமாள் மேஸ்திரி, மாரட், வெளி வீதிகள். இந்த வெளிப்பக்கத் தெருக்கள் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானவை. பெருமாளும் மாரட்டும் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள். உங்களுக்கு இதிலிருந்து தேவையானது ஒன்றுதான்: கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே உள்ள மேற்குப் பகுதி சைவ டிபனுக்குப் பேர்போனது. வைகைக்கு வடக்கே கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் அசைவ மெஸ்கள். இடையில் ஓர் ஆட்டோ தூரம். மாமியாரையும் மகனையும் ஒரே மேசையில் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுங்கள். குடும்ப ஒற்றுமைக்கு அதுவே நல்லது.

காலையில் இட்லி. முருகன் இட்லிக் கடை இந்த ஊரில் பிறந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன கடை. மேல மாசி வீதிக் கிளையில் வாழையிலையில் இரண்டு இட்லி, நான்கு வகைச் சட்னி, பொடிக்கு நல்லெண்ணெய் என்று பரிமாறுவார்கள். நால்வரும் கவலையில்லாமல் உட்காரக்கூடிய இடம். ஆனால் மதுரை இட்லியின் அருமை பெயர்ப்பலகை உள்ள கடைகளில் மட்டும் இல்லை. மாசி வீதிகளின் குறுக்குச் சந்துகளில் வாசலில் அடுப்பு வைத்து விற்கும் பெண்களிடம் ஒருமுறையாவது சாப்பிட்டுப் பாருங்கள். அங்கே இட்லியைப் புரட்டி அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். துணியில் வெந்த இட்லி என்றால் நூலிழை நெசவின் தடம் தெரியும். குழித்தட்டில் எண்ணெய் தடவி எடுத்தது வழவழப்பாக இருக்கும். ஈரத்துணி ஆவியை உள்ளே விட்டு, மிகுந்த நீரை வடியவிடுவதால் துணி இட்லியின் அடிப்பாகம் கசகசப்பதில்லை. காரம் ஆகாத உங்களுக்கு இன்னொரு குறிப்பு: சிவப்பாக இருக்கும் சட்னி எல்லாம் தக்காளி அல்ல. விரல் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு இட்லியைத் தோயுங்கள்.

காபிக்குக் கோரிப்பாளையம் விசாலம் காபி. நின்றுகொண்டு குடிக்கும் கடை. மாமியாருக்கு நிற்க முடியாவிட்டால் உங்கள் விடுதிக் காபியோடு சமாதானம் செய்துகொள்ளுங்கள்.

கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி, மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். எனவே தரிசனத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, பன்னிரண்டரைக்கு ஆற்றைத் தாண்டிவிட வேண்டும். ஒரு மணிக்கு முன்னால் மெஸ் வாசலில் இருப்பதுதான் இந்த ஆலோசனையின் முக்கியமான வரி. தல்லாகுளத்தில் குமார் மெஸ், சந்திரன் மெஸ், அழகர்கோயில் சாலையில் அம்மா மெஸ் மூன்றும் பெயர்பெற்றவை. எது உயர்ந்தது என்று மதுரைக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. நண்டு ஆம்லெட் வேண்டுமானால் குமார். ஓட்டோடு போராட வேண்டியதில்லை, நண்டுச் சதையை உதிர்த்து முட்டையில் கலந்து ஊற்றித் தருவதால் பையன்களுக்குப் பிடிக்கும். எலும்பு மஜ்ஜையில் செய்யும் வகைகளும் அயிரை மீன் குழம்பும் என்றால் அம்மா மெஸ்.

அயிரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத, சேற்றில் வாழும் மீன். உயிரோடு வாங்கி, அது விழுங்கிய மண்ணைக் கக்கவிட்டு, உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, தலையோடும் முள்ளோடும் முழுசாகப் புளிக்குழம்பில் போடுவார்கள். இந்தப் பாடு அத்தனையும் விலையில் தெரியும். பிடிபடும் அளவைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். ஒரு கிண்ணம் வாங்கி மூன்று பேர் பங்கிட்டால் போதும். முதல் வாயில் லேசான கசப்புத் தட்டினால் மீன் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அதன் சுவையே அப்படித்தான்.

மெஸ்களில் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் தட்டு. நீங்கள் இலைக்கு முன் உட்கார்ந்ததும் சுக்கா, ஈரல், கோலா உருண்டை, குடல், மீன் வறுவல் என்று சிறு சிறு கிண்ணங்களாக அடுக்கிய பெரிய தட்டு ஒன்று நேராக மூக்குக்குக் கீழே வரும். அது உபசாரம் அல்ல, உணவுப் பட்டியல். எடுத்துவைக்கச் சொல்லும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. சாப்பாட்டு விலைக்குள் சோறு, பொரியல், ஆட்டுக்குழம்பில் தொடங்கிக் கோழி, மீன் என்று வரும் குழம்புகள், ரசம், மோர் அடங்கும். கூச்சப்படாமல் விலை கேட்டுவிட்டு எடுங்கள். ஊர்க்காரர்களும் கேட்டுத்தான் எடுப்பார்கள். மூன்று பேருக்கு இரண்டு கிண்ணம் நல்ல அளவு. உங்களுக்கு ரசத்தையும் மோரையும் தவிர எல்லாமே காரமாகத் தோன்றலாம். ஆட்டுக்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கச் சொல்லி அடியில் உள்ளதை ஊற்றச் சொல்லுங்கள், காரம் கணிசமாகக் குறையும்.

அதே நேரம் மாமியாருக்கு நேதாஜி சாலை மாடர்ன் ரெஸ்டாரண்ட் பொருத்தம். பழைய சைவ ஓட்டல், சாப்பாடு அமைதியாக நடக்கும். அவரோடு கணவரை அனுப்ப முடியாது என்பதால், முதல் நாள் நீங்களே துணைக்குப் போங்கள். உங்கள் காரப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

நான்கு மணிக்கு மேல் மதுரை கொறிக்கத் தொடங்கும். மேலச் சித்திரை வீதியில் கோபு அய்யங்கார் கடையின் வெள்ளையப்பமும் காரச் சட்னியும் இந்தப் பொழுதுக்குரியவை. திருமலை நாயக்கர் மகால் பக்கம் சௌராஷ்டிரர்கள் வாழும் தெருக்களில் முள்ளுமுருங்கை வடை போடுவார்கள். முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்த பச்சை வட்டம், மேலே காரப்பொடி தூவல். இறக்கிய ஐந்து நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும். பொட்டலம் கட்டினால் தோல் மாதிரி ஆகிவிடும். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைத்தால் மாமியாருக்கு வாங்கிக் கொடுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது, வயிற்றுக்கு இதம்.

ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் அருகே கீழமாரட் வீதியில் உள்ள பேமஸ் ஜிகர்தண்டா, 1977 முதல் இருக்கிறது. சாயலில் அதே பெயர் வைத்த கடைகள் ஊரெல்லாம் முளைத்திருப்பதால் வீதியின் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறுங்கள். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே கோப்பையில் என்பதால் இது பானம் அல்ல, பாதிச் சாப்பாடு. இரவு உணவுக்கு முன் குடித்தால் கறிதோசைக்கு வயிற்றில் இடம் இருக்காது. வெயில் நேரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கறிதோசை இரவுக்குரியது. சிம்மக்கல் கோனார் மெஸ் இதற்குப் பெயர் வாங்கிய கடை. கல்லுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஊத்தப்பம் அளவுக்குத் தடிமனாக மாவை ஊற்றி, பாதி வேகும்போதே முட்டையைப் பரப்பி, அதன்மேல் வெங்காயத்தோடு சுருள வதக்கிய கொத்துக்கறியை அள்ளிவைத்து, சுற்றிலும் எண்ணெய் விட்டு ஒரே வீச்சில் திருப்புவார்கள். கறிப்பக்கம் நேராகக் கல்லில் பட்டுக் கருகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ருசி ஏறுகிறது. அவசரப்பட்டு எடுக்கச் சொன்னால் முட்டைத்தோசையும் கறியும் தனித்தனியாகத்தான் இருக்கும். ஒன்று ஒருவருக்குத் தாராளம். வளரும் பிள்ளை ஒன்றரை சாப்பிடுவான். இரண்டாம் இரவு பரோட்டா என்றால் பன் பரோட்டாக் கடைகளைத் தேடுங்கள்: சிறியதாக, உப்பலாக, சால்னாவைக் குடித்துக்கொண்டே இருக்கும். எட்டு மணிக்கு மேல் போங்கள், கல் ஓயாமல் வேலை செய்யும்.

விடவேண்டியவை என்று கேட்டீர்கள். கோபுரக் காட்சிக்குப் பெயர்போன மொட்டைமாடி உணவகங்களில் காட்சிக்குத்தான் காசு. சாயங்காலம் ஏறி ஒரு தேநீர் குடித்துப் படம் எடுத்துக்கொண்டு, சாப்பிடக் கீழே இறங்கிவிடுங்கள். மெஸ்களுக்கு ஞாயிறு மதியம் வேண்டாம், கூட்டம் தாங்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வண்டியே நகராது. விடுமுறை அந்தத் தேதிகளில் விழுந்தால் ஆற்றுக்குத் தெற்கேயே சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக, ரயில் நிலையத்துக்கு அருகே பிரேமா விலாஸ் அல்வா. பொட்டலம் கட்டுவது இருக்கட்டும், முதலில் சூடாக ஒரு துண்டு வாங்கி அங்கேயே நின்று தின்றுவிடுங்கள். பஸ்ஸில் இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டா கட்டாதீர்கள், ஆறினால் இழுபடும். பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியே மேல். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், ஒட்டன்சத்திரம் வருவதற்குள் புளித்துவிடும்.