கீழ்த்தள அறை சுருங்காமல் சூடு தடுக்க

கேள்வி: ஏனுங்க, சரிவான மனையில கட்டின வீடு. கீழ்த்தள அறை பத்துக்குப் பதினொண்ணுதான். பாதிச் சுவர் மண்ணுக்குள்ளே. மேற்கே வெளியில தெரியற பாதி சாயங்காலம் தோசைக்கல்லாட்டம் காயுது. அடியில சுண்ணாம்பு உதிருது. சட்டம் அடிச்சுத் தடுப்பு வெச்சா இடம் போயிருமுங்களே?
– வாசகி, சென்னிமலை

பதில்: போயிருமுங்க அம்மணி. சட்டம், நடுவுல கண்ணாடிப் பஞ்சு, மேலே ஜிப்சம் போர்டுன்னா பக்கத்துக்கு மூணு இஞ்சு. எதிரெதிர்ச் சுவருக்கு அரை அடி காலி. பஞ்சு ஈரம் குடிச்சா சூட்டையும் தடுக்காது.

முதல்ல ஈரத்தைப் பாருங்க. ரெண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவத்துல நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் விடுங்க. தாளுக்குப் பின்னால நனைஞ்சிருந்தா மண்ணுல இருந்து வர்றது; முன்னால முத்து முத்தா நின்னா அறைக் காத்துல இருக்கறது. எங்க வீட்டுல பின்னாலதான் நனைஞ்சுது. மொட்டைமாடித் தண்ணிக் குழாய் செவுத்தோரமே கொட்டிட்டு இருந்திருக்குது! எட்டடி தள்ளி விட்டதும் பாதி நோவு தீர்ந்துது.

மண்ணுக்குள்ள இருக்கற பாதிக்கு நம்மூர்ல சூட்டுத்தடுப்பே வேண்டாமுங்க, மண்ணே குளுமை. மேற்குச் சுவத்துக்கு மட்டும் வெளிப்பக்கமா எக்ஸ்பிஎஸ் போர்டு (தெர்மாகோலாட்டம், ஆனா கெட்டியான நுரைப் பலகை) ஒட்டி, வலை வெச்சுப் பூசிருங்க. உள்ளே ஒரு நூல்கூடக் குறையாது. பக்கத்து மனை இடிக்குதுன்னா, சுவர் காஞ்ச பின்னால உள்ளேயே ஒரு இஞ்சு போர்டைச் சட்டமில்லாம ஒட்டி, மேலே அரை இஞ்சு ஜிப்சம். ஒண்ணரை இஞ்சோட முடியும். ஜிப்சம் வேண்டாம்னு மட்டும் விட்டுராதீங்க, அந்த எக்ஸ்பிஎஸ் போர்டு தீப்பிடிக்கும்.