மகள் மனம்திறக்க ஓர் எலிசபெத்து வேண்டும்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, அடுத்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை). ஞாயிறு காலையில் கணித ரியூஷன் என்பதால் ஞாயிறு பாடசாலை நின்றுபோனது. பள்ளியில் அவளுடைய நெருங்கிய தோழிகள் நான்கு பேரும் கிறிஸ்தவர்கள் அல்ல. குடும்ப ஜெபத்தில் வாய் திறப்பதில்லை. கேட்டால், "இதெல்லாம் உண்மையா என்றே தெரியவில்லை அம்மா" என்கிறாள். அந்தத் தோழிகளை விட்டுவிடச் சொல்லட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, தயவுசெய்து சொல்ல வேண்டாம். சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்ந்து உண்ணும் தோழிகளைப் பறித்தால், இயேசுவை நம்புவது என்றால் அன்பானவர்களை இழப்பது என்றுதான் அவள் மனதில் பதியும். சந்தேகத்தை உங்களிடமே வந்து சொன்னாளே, அதற்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். அதை ஒளித்துவைக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கொழும்புப் பிள்ளைகள் "உண்மையா?" என்று கேட்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள். அன்று பெரியவர்கள் அழுததைப் பார்த்தார்கள். கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்க அப்போது அவர்களுக்கு வார்த்தை இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. கேட்பதற்கு ஓர் ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. மரியாளைப் பாருங்கள். இயேசு அவளிடம் பிறப்பார் என்று அறிவித்த தேவதூதன் போனபின் அவள் நாசரேத்தில் தனியே இருந்துவிடவில்லை. மலைநாட்டில் இருந்த, தன்னைவிட வயதில் மிக மூத்த இனத்தாளாகிய எலிசபெத்தின் வீட்டுக்கு விரைந்து போய், ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் (லூக்கா 1:39-56). "இது எப்படியாகும்" என்று நாசரேத்தில் கேட்டவளும், கீழ்ப்படிந்தவளும் அவள்தான். ஆனால் "என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது" என்ற பாடல் பிறந்தது எலிசபெத்தின் வீட்டில், அந்த மூத்தவள் வாழ்த்தி வரவேற்ற பிறகு. இளம் பெண்களோடு பேச உட்காரும்போதெல்லாம் இந்தப் பகுதிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

உங்கள் மகளுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஆளை நீங்கள் தெரிவுசெய்யாதீர்கள். "சபையில் எந்த அக்காவோடு பேச உனக்குப் பிடிக்கும்?" என்று அவளிடமே கேளுங்கள். ஓ.எல்., ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாரத்தைச் சுமந்து கடந்த, தன் ஜெபம் பதிலின்றி நின்ற நாட்களைப் பற்றியும் மறைக்காமல் பேசக்கூடிய அக்கா நல்லது. எல்லாக் கேள்விக்கும் உடனே வசனம் சொல்பவரைவிட, "எனக்கும் தெரியாது, சேர்ந்து வாசிப்போமா?" என்பவர் மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணித்தியாலம் போதும். மகள் ஆங்கில மொழிமூலம் படிப்பவளாக இருந்தால் ஆங்கிலத்திலேயே ஜெபிக்கட்டும். அது தமிழுக்குச் செய்யும் துரோகம் அல்ல.

ஒரு வேண்டுகோள்: சந்திப்பு முடிந்ததும் அக்காவிடம் "என்ன சொன்னாள்?" என்று விசாரிக்காதீர்கள். மகளுக்கு ஆபத்து என்றால் மட்டும் உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று மூவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். சந்திப்பு நாலு பேர் பார்க்கும் இடத்தில், நீங்கள் அறிந்த நேரத்தில் நடக்கட்டும். "அம்மாவுக்குச் சொல்லாதே" என்று பிள்ளையிடம் சொல்பவர் யாராக இருந்தாலும், போதகராகவே இருந்தாலும், அந்தத் தொடர்பை அன்றே நிறுத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை மகளின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

இனி, அதே வயதில் ஒரு தோழி. சபையில் ஒரே ஒருத்தி கிடைத்தாலும் போதும். பரீட்சைக்கு முந்தின இரவு வட்ஸ்அப்பில் "உனக்காக ஜெபித்தேன்" என்று ஒரு வரி வந்தால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பலம்! அவளையும் பள்ளித் தோழிகள் நால்வரையும் ஒருநாள் ஒன்றாக வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுங்கள். மகள் தன் இரு உலகங்களையும் ஒரே மேசையில் காணட்டும்.

ரியூஷன் நேரத்தை மாற்ற முடியாவிட்டால் உங்கள் சபையில், அல்லது அருகிலுள்ள இன்னொரு சபையில், மாலை ஆராதனை உண்டா என்று விசாரியுங்கள். அதற்கும் முன்னால், இந்த வாரமே, அந்த அக்கா யார் என்று மகளிடம் கேட்டுவிடுங்கள்.