22 அடி பழைய ஃபைபர் படகுக்கு 40 எச்பி எஞ்சின் போடலாமா?

அப்பா காலத்து 22 அடி ஃபைபர் படகு, அதில் இருந்த 25 எச்பி டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் வகை) எஞ்சின் சீஸ் ஆகி இறுகிவிட்டது, மாற்றுவதே மாற்றுகிறோம் 40 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக்காக (ஆயில் தனியாக இருக்கும் வகை) போடு என்று மச்சான் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். குறைந்தபட்சம் படகின் பின்பலகையைத் தட்டிப் பார்க்கும் வரைக்கும் வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. மும்பையில் ஆண்டாப் ஹில்லில் வீடு, மஜ்காவ் பக்கம் சின்னப் பட்டறை, படகின் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினைப் பிரித்து மாட்டுவதுதான் பிழைப்பு. "வலை பிடிக்காதவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். கடலில் நின்றுபோன எஞ்சின் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகிறது. எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜென்ட் இல்லை, அதனால் பிராண்ட் பெயரும் சொல்லப்போவதில்லை.

மாஹிமில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். தூத்துக்குடிக்காரர், இங்கத்து மீனவர்களான கோலி வீட்டில் பெண் எடுத்தவர். மாமனார் விட்டுப்போன ஹோடிதான் (படகுக்கு இங்கே அப்படித்தான் பெயர்) அவருடையது, உங்கள் படகு அளவுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடியும் சமயம் டெம்போவில் ஒரு செகண்ட் ஹேண்ட் 40 ஃபோர் ஸ்ட்ரோக்கை ஏற்றிக்கொண்டு வந்து, "தம்பி, இதை மாட்டிக் கொடு" என்றார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. கம்ப்ரெஷன் எல்லா சிலிண்டரிலும் சமமாக இருந்தது, கியர் ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை. சரி, படகைக் காட்டுங்கள் என்று போய்ப் பார்த்தேன்.

டிரான்சம் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பின்பலகை வெளியே ஃபைபர், உள்ளே ப்ளைவுட். பழைய போல்ட் ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கினால் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே மரம் ஊறின பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், அழுகின இடத்தில் தொப் தொப். அண்ணாச்சி படகில் பாதிக்கு மேல் தொப் தொப்தான். உள்பக்கம் கீழே சின்னதாக ஒரு துளை போட்டேன், ஈரமான பழுப்புத் தூள் வந்தது. 40 ஃபோர் ஸ்ட்ரோக் நூறு கிலோவை ஒட்டி வரும். அவருடைய பழைய 25 டூ ஸ்ட்ரோக் அதில் ஏறக்குறைய பாதி. மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கையில் வந்த கூலியை விட்டேன் என்பதை இங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் வேறொருவரிடம் போய் எஞ்சினை மாட்டிக்கொண்டார். நல்லது. அப்புறம் நடந்தது இதுதான்: எஞ்சின் கனத்தில் பின்பக்கம் இறங்கி, தண்ணீர் வடியவேண்டிய ஓட்டை வழியாகவே கடல் உள்ளே வந்தது. வலை இழுக்க இரண்டு பேர் பின்னால் நின்றால் அலை பலகையைத் தாண்டியது. போல்ட் இடுக்கில் பழுப்புத் தண்ணீர். திரும்ப என்னிடம் வந்து, "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு தம்பி, படகுதான் சரியில்லை" என்றார். அன்றைக்கே அதைத்தானே அண்ணாச்சி சொன்னேன் என்றேன்.

சரி, வேகமாவது கூடியதா? இல்லை. வலையும் ஐஸ் பெட்டியும் நாலு ஆளும் ஏறிய கனமான பழைய படகு தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடாது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். அப்படிப்பட்ட படகுக்கு வேகத்தை நீளம்தான் தீர்மானிக்கிறது. தண்ணீரில் படியும் நீளம் 20 அடி என்றால் அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள், சுமார் 6 நாட் வரும், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை எச்பி போட்டாலும் அலை பெரிதாகும், பெட்ரோல் போகும், அவ்வளவுதான்.

கடைசியில் உள்பக்க ஃபைபரை வெட்டி, அழுகின மரத்தைச் சுரண்டி, மெரைன் ப்ளைவுட்டும் எபாக்ஸிப் பசையும் வைத்துப் பலகையைப் புதிதாக்கினோம். 40-ஐ நஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் பழையபடி ஒரு 25 டூ ஸ்ட்ரோக் மாட்டினார். இப்போதும் அதுதான் ஓடுகிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் கெட்டது என்று நான் சொன்னதாக யாரும் கிளம்பவேண்டாம். பெட்ரோல் கணிசமாக மிச்சம், ஆயில் கலக்கும் வேலை இல்லை, புகை இல்லை. தினமும் தூரம் போகிறவர் பலகையைச் சரிசெய்துவிட்டு அதே 25-இல் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாம். ஆனால் முதல் 20 மணி நேரத்திலும் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றவேண்டும். கரையில் தப்பான பக்கம் சாய்த்துப் போட்டால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால் யோசியுங்கள்.

ஷாஃப்ட், அதாவது எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்கு இறங்கும் தண்டு, அதன் நீளம் உங்கள் பலகைக்குப் பொருந்துமா என்று அளக்காமல் காசு கொடுக்காதீர்கள். பலகையின் மேல் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் நடுவில் நேராக அளந்தால் 15 அங்குலம் அல்லது 20 அங்குலத்தை ஒட்டி வரும். குட்டை ஷாஃப்டை உயரமான பலகையில் போட்டால் ஒவ்வொரு அலைக்கும் புரொப்பல்லர் காற்றைக் குடித்து எஞ்சின் அலறும். நெட்டை ஷாஃப்ட் என்றால், மாஹிம் மாதிரி தண்ணீர் வற்றும்போது சேறாகும் இடத்தில் தினமும் தரை தட்டும்.

புரொப்பல்லர் எஞ்சினோடு வந்ததே போதும் என்று விடாதீர்கள். முழுச் சுமையோடு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஆர்பிஎம் பாருங்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு 5000 முதல் 6000 வரை என்று போட்டிருப்பார்கள். அதை எட்டாமல் திணறினால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் போடவேண்டும். ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் கூடும்.

பெட்ரோல் பற்றியும் சொல்லியாகவேண்டும். அவுட்போர்டு புத்தகங்களில் பெரும்பாலும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் 10 சதவீதம் வரைதான் என்று இருக்கும். பங்க்கில் கிடைப்பதோ 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், படகு டேங்க்கோ கடல்காற்றில் கிடக்கிறது. நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம் போடுங்கள். தடைக்காலத்தில், எங்கள் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, டேங்க்கில் பெட்ரோல் விடாதீர்கள், கார்புரேட்டரையும் காலியாக்கிவிடுங்கள். அந்தப் பெட்ரோலையும் இங்கே சும்மா தருவதில்லை. கேனோடு போய் நின்றால் பங்க்கில் பையன் என்னை ஏதோ வீட்டைக் கொளுத்தப் போகிறவன் மாதிரி பார்க்கிறான். படகைப் பங்க்குக்கு ஓட்டிக்கொண்டா வரமுடியும்? மேனேஜரைக் கூப்பிடு என்றால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். ஹெல்மெட் போடாமல் மூன்று பேர் வந்தால் மட்டும் சலாம் போட்டு நிரப்புகிறார்கள்.

உங்கள் பலகையின் உயரமும், தட்டினால் எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்பதும், பழைய புரொப்பல்லரில் பொறித்திருக்கும் எண்ணும் கமென்டில் போடுங்கள். ராத்திரி பட்டறை அடைத்த பிறகு பார்த்துப் பதில் எழுதுகிறேன். அதுவரை மச்சானை அட்வான்ஸ் கொடுக்க விடாதீர்கள்.